துணி கட்டிய இடம்

மார்ச் 4

பல் டாக்டரம்மாவுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்டு மையை வீணாக்க மாட்டேன். நலமில்லை என்றால் அண்ணி இதற்குள் ஊரைக் கூட்டியிருப்பார். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனைக் காதில் வைத்தால் எனக்கு அடுப்பு ஊதுகிற சத்தம்தான் கேட்கிறது. தவிர, கடிதம் என்றால் நீ நடுவில் புகுந்து பேச முடியாது. அது எனக்கு ஒரு வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா விட்டுப்போன கார் புறப்படத் தயார். பெட்ரோல் போகிற வழியில் ரப்பராக இருந்ததை எல்லாம் உருவி எறிந்துவிட்டுப் புதுசு போட்டாகிவிட்டது. யார் போட்டது? மெக்கானிக்கா? சே. இதோ இந்தக் கடிதம் எழுதுகிற கை. பழைய ரப்பரைத் தொட்டேன், காய்ந்த சுள்ளி மாதிரி ஒடிந்து விழுந்தது. இதை நம்பியா ஒரு மனுஷன் வண்டி ஓட்டினான் என்று எனக்கே நடுங்கிவிட்டது.

சாமான் வாங்கப் போன கதையைச் சொல்லாவிட்டால் பாவம். நான் படியேறியதும் கடைக்காரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். “பெட்ரோல் தாங்குற ரப்பர் வேணும், தண்ணிக் குழாயை என் தலையில கட்டப் பாக்காதே” என்று ஒரு போடு போட்டேன். “ஐயா, உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்க இந்தக் கடைக்கு வந்தே எவ்வளவு நாளாச்சு” என்று கண் கலங்கினான். இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு கறுப்புப் பூனை என் நெஞ்சில் ஏறி ஓடியது. வேறு ஆளாக இருந்தால் அலறியிருப்பான். போஸ்ட்மேனாக இருந்த பக்கத்து வீட்டுத் தபால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பெயர் இன்னும் ஓய்வு பெறவில்லை. வேண்டுமானால் அவரைக் கேட்டுப் பார்.

இனி எழுதுவதை அண்ணிக்குப் படித்துக் காட்டாதே.

வேலை முடிந்ததும் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பினேன். அத்தனை நாள் காய்ந்து கிடந்த வயிறு, ஆசை தீரக் குடிக்கட்டும் என்று. அன்று மத்தியானம், தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு சத்தம் போடும் நேரம், ஷெட்டில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். ஒரு வாசனை வந்தது. உன் அப்பா பஸ் டிப்போவிலிருந்து வீடு திரும்பும்போது அவருக்கு முன்னால் வாசற்படி ஏறுமே, அந்த வாசனை. வாயில் இருந்த சுருட்டை என்னை அறியாமலே முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். வெளியே ஓடிப்போய் மண்ணில் அழுத்தி அணைத்துவிட்டுத் திரும்பி வந்து கைகட்டி நின்றேன். அண்ணன் முன்னால் நான் சுருட்டுப் பிடித்தவன் இல்லை. பிடித்திருந்தால் என் காது இந்த அளவில் இருந்திருக்காது.

அன்று முதல் தினமும் வருகிறார். மத்தியானம் வருகிறார், காற்று குளிர்ந்ததும் போய்விடுகிறார். ஷிப்ட் முறை தவறவில்லை. நான் கட்டிலில் இருந்தபடியே குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கிறேன், கால் தெரிகிறதா என்று. இதுவரை தெரியவில்லை.

வண்டி உன்னுடையது. வந்து எடுத்துக்கொண்டு போ. ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை.

உன் சித்தப்பா

*

மார்ச் 13

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் சிரிப்பு வரவில்லை.

அது அப்பா இல்லை. பெட்ரோல். எங்கேயோ கசிகிறது. டேங்க்கை விளிம்பு வரை நிரப்பினீர்கள், வெயிலில் அது பொங்குகிறது, வழி கிடைத்த இடத்தில் வெளியே வருகிறது. காற்று குளிர்ந்ததும் அடங்குகிறது. அதனால்தான் உங்கள் ஷிப்ட் முறை தவறுவதில்லை.

நீங்கள் அந்தக் காற்றில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள், சித்தப்பா.

தயவுசெய்து மூன்று காரியம் செய்யுங்கள். கட்டிலை வீட்டுக்குள் போடுங்கள். ஷெட்டின் கதவைத் திறந்தே வையுங்கள். சுருட்டும் தீப்பெட்டியும் ஷெட்டின் பக்கமே போகக் கூடாது. பிறகு, எந்தெந்த ரப்பரை மாற்றினீர்கள், எதை விட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். கடைக்காரன் அழுததை எல்லாம் விட்டுவிட்டு, குழாயை மட்டும் எழுதுங்கள். சின்ன வயதில் அப்பாவுக்கு டார்ச் பிடித்தவள் நான். அந்த வண்டியின் வயிறு எனக்கும் தெரியும்.

மே மாதம் விடுப்புக் கிடைக்கும். வந்து ஓட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரை பத்திரமாக இருங்கள். அந்த ஷெட் நம்மிடமிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டது போதும்.

உங்கள் மகள்

*

மார்ச் 20

டாக்டரம்மாவின் திருச்சமூகத்துக்கு,

நாலு பல்லைப் பிடுங்கியவர்கள் சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கட்டிலை வீட்டுக்குள் போட்டேன். ராத்திரிக்கு மட்டும். மத்தியானம் ஷெட்டில் நாற்காலியில் உட்காருகிறேன். நாற்காலியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

கசிகிறது என்கிறாய். என் வேலையா கசியும்? பார்சல் கொடவுனில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் நான். நான் கட்டிய மூட்டை கப்பலில் போய், லாரியில் போய், கழுதைமேல் போய், பிரிக்க ஆள் இல்லாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. சரி, கேட்டாய், சொல்கிறேன். முன்பக்கம் பம்ப்புக்குள் வருகிறது ஒன்று, பம்ப்பிலிருந்து எஞ்சினுக்குப் போகிறது ஒன்று. இரண்டும் புதுசு. கிளிப்பை நான் இறுக்கிய இறுக்கில் பல்லால் கடித்து இழுத்தாலும் அசையாது. உன் பல்லாக இருந்தாலும் சரி. நடுவில் வண்டித் தரைக்கு அடியில் ஓடுவது இரும்புக் குழாய். அதை அடியிலிருந்து தடவிப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் அந்தப் பாம்பு என் மார்பின் மேல் ஏறியது. இந்தக் கை நீளம் இருக்கும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, கடைசியில் அதற்கே கூச்சமாகிப் போய்விட்டது.

மிச்சம் ஒன்றுதான். பின்னால், டேங்க்கையும் இரும்புக் குழாயையும் சேர்க்கிற துண்டு ரப்பர். அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டியதும் இல்லை. அது அண்ணன் முடித்துவிட்டுப் போன வேலை.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவர் கையாலேயே துணி கட்டியிருக்கிறார். ஷெட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததே அவருடைய நீலக்கட்டம் போட்ட பழைய சட்டை, அதில் கிழித்த துணி. கொடவுனில் எங்கள் வழக்கமும் அதுதான். ஒரு மூட்டையைச் சரிபார்த்து முடித்தால் அதன் மூலைக் காதில் ஒரு துணி கட்டிவிடுவோம். முடிந்தது, இனி எவனும் கை வைக்காதே, வெளியே அனுப்பு என்று அர்த்தம். அந்த முடிச்சைப் பார்த்தாயானால் அசந்துபோவாய். இடது பக்கமாகச் சுற்றி, வளையம் உள்ளே போய், வால் மேலே நிற்கும். இடது கைக்காரர் முடிச்சு. சொல்லக் கூடாது, அந்த முடிச்சை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அவர் போன அன்று மத்தியானம் அதைக் கட்டிக்கொண்டுதான் அவர் அடியில் படுத்திருந்தார். வெளியே கால் மட்டும் தெரிந்தது. “அண்ணே, டீ” என்றேன். பதில் இல்லை. அசதியில் தூங்கிவிட்டார் என்று டம்ளரைக் காலடியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. மீதி உனக்குத் தெரியும்.

ஒரு வேலையை முடித்து, துணி கட்டி, அதற்குப் பிறகு கண்ணை மூடியவர். எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்? அதை வெட்டி எறி என்று மட்டும் சொல்லாதே.

உன் சித்தப்பா

*

மார்ச் 28

அன்புள்ள சித்தப்பா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். (போன கடிதத்தில் பூனை, இந்தக் கடிதத்தில் பாம்பு. அடுத்ததில் முதலை வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.)

உங்கள் கொடவுனில் துணி கட்டிய மூட்டைதான் வெளியே போகும். அப்பாவின் டிப்போவில் துணி கட்டிய பஸ் வெளியே போகாது.

அங்கே வழக்கம் நேர்எதிர், சித்தப்பா. பிரேக்கோ குழாயோ சந்தேகம் என்றால் அந்த இடத்தில் ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள். இது பாக்கி, நான் திரும்பி வருகிறேன், அதுவரை வண்டியை எடுக்காதே என்று அர்த்தம். வேலையை முடித்தவுடன் கட்டியவரே அவிழ்க்க வேண்டும். வீட்டிலும் அப்பா அப்படித்தான். தண்ணீர்க் குழாய், சைக்கிள், என் பள்ளிக்கூடப் பையின் வார், எதுவாக இருந்தாலும் நீலக்கட்டத் துணி கட்டியிருந்தால் அதைத் தொடக் கூடாது. ஒருமுறை எனக்குப் பல் ஆடியபோது அதிலும் ஒரு நூலைக் கட்டிவிட்டு, “வர்றேன், இரு” என்று டிப்போவுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரை வாயில் நூலோடு உட்கார்ந்திருந்தேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை அதுதான்.

அப்பா அதை முடிக்கவில்லை. அங்கே ரப்பர் வெடித்திருக்கிறது என்று பார்த்தார், புதுசு வாங்கி வந்து போடலாம் என்று துணி கட்டினார். அவ்வளவுதான் அவருக்கு நேரம் இருந்தது. நீங்கள் வாசனை என்று சொல்வது அந்த வெடிப்பிலிருந்துதான் வருகிறது.

அவர் முன்னால் சுருட்டுப் பிடிக்கக் கூடாது என்ற மரியாதைதான் உங்களை இதுவரை காப்பாற்றியிருக்கிறது. ஒருநாள் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அதை மாற்றிவிடுங்கள். இல்லை, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 8

மகளே,

கடிதம் கிடைத்தது. படித்தேன். தபாலிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன், நான் ஏதாவது எழுத்தை மாற்றிப் படித்துவிட்டேனோ என்று. அவரும் அதையேதான் படித்தார்.

வேலையை முடித்துவிட்டுப் படுத்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். கொஞ்சம் நன்றாகவே சொன்னேன். இப்போது நீ பாதியில் போனார் என்கிறாய்.

மெக்கானிக் யாரும் என் ஷெட்டுக்குள் காலை வைக்க வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அந்தத் துண்டை மாற்றிவிட்டால் மத்தியானம் வருகிற வாசனை நின்றுவிடுமா, நிற்காதா? நேராகப் பதில் எழுது. வீட்டில் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.

சித்தப்பா

*

ஏப்ரல் 14

அன்புள்ள சித்தப்பா,

நின்றுவிடும்.

அம்மாவுக்கு உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டிவிட்டேன். மன்னியுங்கள். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“உன் சித்தப்பாகிட்ட சொல்லு. அந்த மனுஷன் பாக்கி வேலையை வச்சுக்கிட்டு ஒருநாள்கூடத் தூங்கினது கிடையாது. பாதி ராத்திரி எழுந்து உட்காந்து, கட்டினதைக் கட்டினபடியே விட்டுட்டு வந்துட்டேனேன்னு புலம்புவாரு. மிச்சம் இருந்த அந்த நீலச் சட்டையை அவரை எடுத்தன்னிக்கு நான் எதுக்கு அவரோடயே வச்சு அனுப்பினேன்? இனிமே எதிலயும் துணி கட்டாம நிம்மதியா இருக்கட்டும்னுதான். தம்பிக்கு அண்ணன் வேணும்னா அண்ணனைப் படுக்க விடச் சொல்லு.”

நான் இதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 26

மகளே,

முடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு ஒரு துணி வைத்திருக்கிறேன். பத்திரமாக எடு, நைந்துபோயிருக்கிறது.

வேலை நடந்த விதத்தைக் கேள். டேங்க்கில் இருந்ததை எல்லாம் கேனில் இறக்கினேன். சுருட்டு எங்கே என்று கேட்பாய். தபால் வீட்டுப் பரணில். அடியில் படுத்து அந்த முடிச்சைத் தொட்டபோது விரல் நனைந்தது. நீ சொன்னது சரிதான், கீழ்ப்பக்கம் ரப்பர் ஆற்று மண் மாதிரி வெடித்திருந்தது. முடிச்சை அவிழ்க்கக் கொஞ்சம் நேரமானது. கத்தி வைக்க மனசு வரவில்லை.

அண்ணன் படுத்திருந்த அதே சாக்கின் மேல்தான் படுத்திருந்தேன். மேலே பார்த்தால் டேங்க்கின் அடிப்பக்கம், துரு, ஒரு சிலந்தி வலை. அவர் கடைசியாகப் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது. மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் நல்ல காட்சி கிடைத்திருக்கலாம்.

புதுத் துண்டு போட்டேன். வேலையைத் தொட்டுவிட்டால் அரைகுறையாக விடுகிறவனா நான்? முன்பக்கம் பம்ப்பின் இரண்டு பக்கமும் கிளிப்பைத் திருப்பிக் கழற்றி, சைக்கிள் பம்ப் வைத்து இரும்புக் குழாய் முழுக்கக் காற்று அடித்தேன். உள்ளே இருந்து துரு வந்தது பார், ஒரு வாளி. சரி, அரை வாளி. தபால் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். அவருக்குப் பாம்புக் கதையை முதலிலிருந்து ஒருமுறை சொன்னேன். போன தடவை அவருக்கு அது பூனையாகத் தெரிந்ததாம். வயசாகிவிட்டது அவருக்கு.

எல்லாவற்றையும் மாட்டி, கேனில் இருந்ததைத் திருப்பி டேங்க்கில் ஊற்றி, எஞ்சினைப் போட்டேன். ஒரு இருமல்கூட இல்லை.

மறுநாள் மத்தியானம் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கூரை சத்தம் போட்டது. உட்கார்ந்தே இருந்தேன். வெயில் இறங்கியது. அவ்வளவுதான்.

தபால் சுருட்டைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது ஒளித்துப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. பற்ற வைத்தேன், ருசிக்கவில்லை. அவரிடமே கொடுத்துவிட்டேன்.

எப்போது வருகிறாய்?

சித்தப்பா

*

மே 19

அன்புள்ள சித்தப்பா,

வண்டியும் நானும் வீடு வந்து சேர்ந்தோம். அம்மா வெளியே வந்து, கார் ஹெட்லைட்டில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இனி எழுதுவதற்கு நீங்கள் உண்மையான பதில் எழுத வேண்டும். கதை வேண்டாம்.

புறப்பட்ட அன்று காலையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்த்தோம். புது ரப்பர், புது கிளிப் எல்லாம் பளபளவென்று இருந்தன. நீங்கள் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காட்டினீர்கள். என் கண்ணால் பார்த்தேன். பிறகு மூடினோம். நான் பையை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் வண்டிக்குப் பின்னால் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

வழியில் நன்றாகத்தான் ஓடியது. மத்தியானம், வெயில் ஏறிய நேரத்தில், வாசனை வந்தது.

உங்களுக்கு அவ்வளவு பாடம் நடத்திய நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலை ஏற்றி மூடினேன். வாசனை வெளியே போய்விடக் கூடாது என்று. பக்கத்து இருக்கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தேன், யாரோ உட்காருவதற்கு இடம் விடுவதுபோல. அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. அழுதுகொண்டே ஓட்டினேன், சந்தோஷமாக இருந்தது.

ஒரு டீக்கடை வந்தபோது எஞ்சின் இரண்டு தடவை திணறி நின்றது. நான் நிறுத்தவில்லை, தானாக நின்றது. லாரிகள் நிற்கிற இடம். பானெட்டைத் திறந்தேன். பம்ப்பிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பரில், கிளிப்புக்குப் பக்கத்தில், நீலக்கட்டத் துணி கட்டியிருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். கிளிப்பை விரலால் தொட்டார், அது சுழன்றது. அதன் வழியாகப் பெட்ரோல் சொட்டி எஞ்சின்மேல் ஆவியாகிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா வண்டி அடுப்பாயிருக்கும். அதான் துணி கட்டியிருக்கே, பாக்கலையா? நான் முன்னாடி இருந்த பஸ் டிப்போவில இப்படித்தான் கட்டுவோம். யாரு கட்டினது?”

“எங்க வீட்டு ஆளு.”

“நல்ல வேலைக்காரரும்மா. கட்டினவரு அதை இறுக்கிவிட்டிருக்கலாம்ல?”

அவரே ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வந்து கிளிப்பை இறுக்கிக் கொடுத்தார்.

நீங்கள் அனுப்பிய துணி என் கைப்பையில்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டின் கிழிசலும் ஒன்றோடு ஒன்று பொருந்தியது. கட்டம்கூட விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மிச்சச் சட்டை அப்பாவோடு போய்விட்டது. ஷெட்டில் ஆணி மட்டும்தான் இருக்கிறது, நானே பார்த்தேன்.

முடிச்சு இடது பக்கமாகச் சுற்றி, வளையம் உள்ளே போய், வால் மேலே நின்றது.

சட்டையில் ஒரு துண்டை ஒளித்து வைத்திருந்தீர்களா? நான் உள்ளே போன நேரத்தில் விளையாட்டுக்குக் கட்டினீர்களா? கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆம் என்று எழுதினால் எனக்கு நிம்மதிதான்.

துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.

உங்கள் மகள்

*

மே 27

மகளே,

இந்தக் கடிதத்தில் பாம்பு இல்லை. பூனையும் இல்லை.

நான் கட்டவில்லை.

ஆம் என்று எழுதலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பொய் சொல்வது எனக்குப் பெரிய காரியமா? உனக்கு நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் அது அவர் செய்த வேலை. அதை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ பை எடுக்கப் போனபோது நான் கண்ணாடி துடைக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டியின் முன்பக்கம் போகவே இல்லை.

அந்தக் கிளிப்பை நினைத்து நினைத்துப் பார்த்தேன். காற்று அடித்து முடித்ததும் அதைத் திருப்பி மாட்டியது ஞாபகம் இருக்கிறது. இறுக்கியது ஞாபகம் இல்லை. தபாலைக் கேட்டேன். “அந்த நேரத்துலதான நீங்க பாம்பு எவ்வளவு நீளம்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினீங்க” என்றார். விரித்த கை திரும்ப ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததா என்று அவருக்கும் தெரியவில்லை. வண்டி ஷெட்டில் நின்று ஓடியபோது தாங்கியிருக்கிறது. ரோட்டில் குலுங்கியதும் விட்டுவிட்டது. என் வாயால் நீ எரிந்துபோயிருப்பாய்.

இன்னும் ஒன்று. அந்த முடிச்சை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று எழுதினேன். இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். எனக்கு வலது கை, வரவில்லை. “விடுடா, உனக்குத் தேவையானப்ப நான் வந்து கட்டித் தர்றேன்” என்றார். உன் கடிதம் வந்த பிறகு ஒரு பழைய வேட்டிக் கிழிசலை எடுத்து வைத்துக்கொண்டு வெயில் இறங்கும் வரை போட்டுப் பார்த்தேன். இப்போதும் வரவில்லை.

ஷெட்டில் வாசனை இல்லை. நாற்காலியை எடுத்துவிட்டேன். அவர் அங்கே இல்லை, உன்னோடு வண்டியில் ஏறிப் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டேன். போகட்டும். எனக்குக் கோபம் இல்லை. மகள் வண்டி ஓட்டுகிறாள், தம்பி மாட்டிய கிளிப், அவரால் எப்படி வீட்டில் உட்கார முடியும்?

கிளிப்பை இறுக்கியாகிவிட்டது அல்லவா? நீயும் ஒருமுறை விரலால் அசைத்துப் பார். அசையவில்லை என்றால் துணியை அவிழ்த்துவிடு. வேலை முடிந்த பிறகும் அது அங்கே இருந்தால், பாக்கி இருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்ப வந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு இடுப்பு வலி உண்டு, உனக்குத் தெரியாது.

கத்தி வைக்காதே. கையாலேயே அவிழ். வால் பக்கத்தைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளினால் தானாக வந்துவிடும்.

அவிழ்த்துவிட்டேன் என்று மட்டும் எனக்கு எழுதாதே.

சித்தப்பா